நூறாண்டு வாழ்ந்த வள்ளல்: சேர் மோசஸ் மொண்டிபியோரி

பொருள் தேடியோர் வரலாறுகள் உலகிற் பல உண்டு. தேடிய பொருள் இவ்வளவு போதும் என்று நிறுத்தி, எஞ்சிய வாழ்நாளைப் பிறர் துயர் துடைப்பதற்கென்றே ஒதுக்கி வைத்தோர் வரலாறுகள் மிகச் சிலவே. அச்சிலருள் ஒருவர் இங்கிலாந்து தேசத்து யூத தனவந்தராகிய சேர் மோசஸ் மொண்டிபியோரி என்பவர். நாற்பது வயதளவில் அவர் பணம் ஈட்டும் முயற்சியைக் கைவிட்டார். அதன் பின்னர் அறுபது ஆண்டுகள் வாழ்ந்தார். அந்த அறுபது ஆண்டுகளில் அவர் மேற்கொண்ட கருமங்கள் எவை, அவற்றுள் எவை கைகூடின, எவை கைகூடாமற் போயின என்பவற்றை வாலிப நண்பர்களும் பெரியோரும் அறியுமாறு ஈண்டு எடுத்துரைக்க முன்வருகின்றோம்.

பிறப்பும் இளமையும்

மோசஸ் மொண்டிபியோரி 1784ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 24ஆந் திகதி இத்தாலி தேசத்து லிவோர்னோ என்னும் துறைமுகப் பட்டினத்திற் பிறந்தார். அவருடைய பெற்றோர் இலண்டன் வாசிகள். உறவினரைக் காணவும் வியாபார அலுவலாகவும் இத்தாலிக்குச் சென்றிருந்த வேளையிலேயே இப்பிள்ளை பிறந்தது. முற்காலத்தில் ஸ்பானியாவிலும் போர்த்துக்கலிலும் வாழ்ந்து, மதத்தின் பொருட்டு அங்கிருந்து துரத்தப்பட்ட யூத மக்களின் வழியைச் சேர்ந்தது அக்குடும்பம். ஆதலால் நாடிழந்தோர் படும் பாடு எத்தகையது என்பதை அவர் நூல்களிற் படித்து அறியவேண்டியிருக்கவில்லை. அது அவர் வீட்டுக் கதையாகவே இருந்தது.

அக்காலத்தில் இங்கிலாந்தில் யூதருக்குக் கொடுமைகள் இழைக்கப்படவில்லையாயினும் சம உரிமை இருக்கவில்லை. பாராளுமன்றத்தில் அவர்கள் அமர முடியாது. பழம்பெரும் சர்வகலாசாலைகளில் பட்டம் பெற முடியாது. இலண்டன் நகரில் தரகுத் தொழில் செய்வதற்கு அனுமதி பெறக்கூடிய யூதரின் தொகை பன்னிரண்டு மாத்திரமே என்று வரையறை செய்யப்பட்டிருந்தது. மோசஸ் உயர்ந்த கல்வி கற்றவரல்லர். இளம் பிராயத்திலேயே பள்ளியை விட்டு நீங்கித் தேயிலையும் பலசரக்கும் மொத்தமாக விற்கும் கடையொன்றிற் பயிலுநராகச் சேர்ந்தார். பின்னர் நகரத்துப் பணச் சந்தையிற் புகுந்து, 1803ஆம் ஆண்டில், இருபது வயது நிரம்புமுன்னரே, அப்பன்னிரு யூத தரகருள் ஒருவராகும் அனுமதியைப் பெற்றார்.

ஆனால் எடுத்த எடுப்பிலேயே பேரிடி ஒன்று வீழ்ந்தது. 1806ஆம் ஆண்டில் வேறொருவர் செய்த பெரு மோசடியில் அவர் அகப்பட்டுக் கொண்டார். அரசாங்க உண்டியல்களின் பெயரால் நிகழ்ந்த அம்மோசடியில், பிறர் அவரை நம்பி ஒப்படைத்த பணமும் போயிற்று. தரகு அனுமதியையும் அவர் கைவிட நேர்ந்தது. அவர் பட்ட கடன்களைத் தீர்த்து, சில ஆண்டுகளின் பின் இழந்த அனுமதியை மீண்டும் பெற்றார். பிற்காலத்தில் பிறர் பணத்தைத் தருமத்தின் பொருட்டுக் கையாண்டபோது ஒவ்வொரு காசுக்கும் கணக்கு வைக்கும் பழக்கம் அவரிடத்து இருந்தது. அந்தக் கண்டிப்புக்கு இளமையிற் பட்ட அடியும் ஒரு காரணம் என்று நாம் கருதுகின்றோம். நெப்போலியன் யுத்த காலத்தில் சரே மாகாணத்துத் தொண்டர் படையிற் கப்டனாகவும் அவர் சேவை செய்தார்.

செல்வமும் துறவும்

1812ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஜூடித் கோகன் என்னும் பெருமாட்டியை அவர் மணம் முடித்தார். ஜூடித் அம்மையாரின் சகோதரி ஹன்னா, ஐரோப்பிய அரசர்களுக்கே கடன் கொடுத்துவந்த நேதன் ரொத்சைல்டின் மனைவியாவார். இவ்வாறு சகலராகிய இருவரும் இலண்டனிற் பக்கத்துப் பக்கத்து வீடுகளிற் குடியிருந்தனர். ரொத்சைல்டின் பங்கு, கடன் பத்திர அலுவல்களை மொண்டிபியோரி நடத்தினார். செல்வம் பெருகிற்று. 1824ஆம் ஆண்டில் ரொத்சைல்டும் அவரும் பிறரும் சேர்ந்து அலையன்ஸ் என்னும் காப்புறுதிக் கம்பனியை நிறுவினர். மொண்டிபியோரியின் சகோதரியை மணந்தவரும் கணித மேதையுமாகிய பெஞ்சமின் கொம்பேட்ஸ் அக்கம்பனியின் காப்புறுதிக் கணிப்பாளராக அமர்ந்தார். ஐரோப்பாவின் பல நகரங்களில் வாயு விளக்கேற்றிய கம்பனியொன்றைத் தொடக்கியவர்களுள்ளும் மொண்டிபியோரி ஒருவர்.

அந்த 1824ஆம் ஆண்டளவிலேயே அன்றாடத் தொழிலிலிருந்து அவர் விலகிக் கொண்டார். மேலும் பத்தாண்டு உழைத்திருந்தால் செல்வம் பன்மடங்காகியிருக்கும் என்பதை அவர் அறியாதவரல்லர். எனினும் நிறுத்தினார். இவ்விடத்தில் நாம் சற்றுத் தரித்து நிற்றல் வேண்டும். ஈவதற்கு மனமிருந்தும் ஈட்டுவதை நிறுத்தும் நாள் வராமலே பலர் வாழ்நாள் முடிந்துவிடுகின்றது. பொருளை மாத்திரமன்றிக் காலத்தையும் தேகபலத்தையும் கொடுத்தலே பெருங்கொடை என்பதை இவர் உணர்ந்திருந்தார்.

1827ஆம் ஆண்டில் தம்பதியர் இருவரும் முதன்முறையாக எருசலேமுக்கு யாத்திரை சென்றனர். மத்தியதரைக் கடலிற் கடற்கொள்ளையரும் யுத்தமும் அச்சுறுத்திய காலம் அது. மூன்றே நாட்கள் அத்திருநகரில் தங்கினர். அந்த மூன்று நாட்களும் அவரை மாற்றிவிட்டன. அதன் பின்னர் தம் மதாசாரங்களை எள்ளளவும் வழுவாமல் அனுட்டிக்கலானார். பெரிய விருந்துகளுக்குச் சென்றாலும் தம் மதவிதிப்படி ஆக்கிய உணவையன்றி வேறெதனையும் உண்ணார். றாம்ஸ்கேட் என்னும் கடற்கரைப் பட்டினத்தில் வீடு வாங்கி, அதன் அயலில் 1833ஆம் ஆண்டில் ஒரு ஜெபாலயத்தையும் எடுப்பித்தார்.

ஆயினும் மதப்பற்று அவரை உலகிலிருந்து விலக்கி வைக்கவில்லை. 1835ஆம் ஆண்டில் பிரித்தானிய யூதர் பிரதிநிதிகள் சபையின் தலைவரானார். இடையிற் சிறு இடைவெளிகள் இருந்தபோதிலும் 1874 வரை அப்பதவியை வகித்தார். 1837ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரின் ஷெரிப் பதவி கிடைத்தது. அவ்வாண்டு நவம்பர் மாதத்தில் விக்டோரியா மகாராணியார் நகர மண்டபத்துக்கு எழுந்தருளியபோது அவருக்குச் சேர் பட்டம் வழங்கினார். 1846இல் பரம்பரைப் பட்டமாகிய பரனெட் பட்டமும் கிடைத்தது. பன்னிரண்டு பேருக்கு மேல் யூத தரகர் கூடாது என்று விதித்த அதே நகரம் அவரைத் தன் ஷெரிப்பாகத் தேர்ந்தது என்பது நினைத்தற்குரியது.

வரலாறு எழுதுவோர் நிழலையும் மறைத்தல் ஆகாது. பிரித்தானிய குடியேற்றங்களில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டபோது, அடிமைகளை வைத்திருந்த எசமானர்களுக்கு இரண்டு கோடி பவுண் நட்டஈடு கொடுக்க அரசாங்கம் தீர்மானித்தது. அதன் பொருட்டு 1835ஆம் ஆண்டில் ஒன்றரைக் கோடி பவுண் கடனை அரசாங்கத்துக்குத் திரட்டிக் கொடுத்தவர்கள் ரொத்சைல்டும் மொண்டிபியோரியுமே. விடுதலை பெற்ற அடிமைகளுக்கோ ஒரு காசும் கிடைக்கவில்லை. அக்கடனின் கடைசிப் பகுதி 2015ஆம் ஆண்டிலேயே இறுக்கப்பட்டதென்று பிரித்தானிய திறைசேரி தெரிவித்தது. இலங்கைத் தீவு அச்சட்டத்தில் அடங்கவில்லை. ஈண்டு அடிமைமுறை 1844ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிந்தது. அக்கடன் விடுதலைக்கு வழிவகுத்தது என்பாரும் உளர். அநீதிக்குக் கூலி கொடுத்தது என்பாரும் உளர். இரண்டும் உண்மையே.

தமஸ்கு நகரத்துச் சிறை

1840ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் தமஸ்கு நகரில் தோமஸ் என்னும் கத்தோலிக்கத் துறவியும் அவருடைய வேலைக்காரரும் காணாமற் போயினர். யூதரே தம் சடங்குக்கு இரத்தம் வேண்டி அவர்களைக் கொன்றனர் என்ற பழங்காலத்துப் பொய்ப்பழி உடனே கிளம்பிற்று. அந்நகரத்துப் பிரெஞ்சுக் கொன்சலும் அப்பழிக்குத் துணை நின்றார். யூத முதியோரும் வணிகரும் சிறைப்பட்டுச் சித்திரவதை செய்யப்பட்டனர். பிள்ளைகளும் பிடித்து அடைக்கப்பட்டனர். வதை தாங்காமற் சிலர் மாண்டனர். சிலர் செய்யாத குற்றத்தைச் செய்ததாக ஒப்புக் கொண்டனர்.

சிரியா தேசம் அப்போது எகிப்தை ஆண்ட முகம்மது அலியின் கையில் இருந்தது. ஐம்பத்தைந்து வயதினராகிய மொண்டிபியோரியும் பிரான்ஸ் தேசத்து யூத நியாயவாதியாகிய அடொல்ப் கிரெமியூவும் அலெக்சாந்திரியாவுக்குக் கப்பலேறினர். முகம்மது அலிக்கு அவ்வேளை ஐரோப்பிய வல்லரசுகளின் நெருக்குதல் மிகுந்திருந்தது. அதுவும் இவர்கள் கோரிக்கைக்குத் துணையாயிற்று. ஓகஸ்ட் மாதக் கடைசியிற் கைதிகளை விடுவிக்கும் கட்டளை பிறந்தது. ஆனால் அக்கட்டளையில் மன்னிப்பு என்னும் சொல் இருந்தது. அதனைக் கண்டு அவர்கள் மகிழ்ச்சியுடன் திரும்பிவிடவில்லை. குற்றஞ் செய்தவனுக்கல்லவோ மன்னிப்பு? மன்னிப்பை ஏற்றால் பழியையும் ஏற்றதாகும். ஆகவே அச்சொல்லை நீக்கும்படி வற்புறுத்தினர். சொல் நீக்கப்பட்டது. உயிரோடிருந்த ஒன்பது கைதிகளும் குற்றவாளிகளாக அன்றி வெறுமனே விடுதலை பெற்று வெளிவந்தனர்.

அவ்வளவில் நில்லாது மொண்டிபியோரி கொன்ஸ்தாந்திநோப்பிளுக்குச் சென்று துருக்கிச் சுல்தான் அப்துல் மஜீதைக் கண்டார். அவ்வாண்டு நவம்பரில் சுல்தான், யூதர் மீது சுமத்தப்படும் இரத்தப்பழி ஆதாரமற்ற பொய் என்று அரச கட்டளை ஒன்றைப் பிறப்பித்தார். ஒருசில கைதிகளைக் காக்கப் புறப்பட்டவர், ஒரு சாம்ராச்சியம் முழுவதிலுமுள்ள தம் இனத்தாருக்குக் காப்புத் தேடித் திரும்பினார்.

எருசலேமில் செய்த தொண்டு

மொண்டிபியோரி தம் வாழ்நாளில் ஏழுமுறை எருசலேமுக்குச் சென்றார். அங்கிருந்த யூதரிற் பெரும்பாலோர் பிறநாட்டார் அனுப்பும் தருமப் பணத்தை நம்பி, நோயும் நெருக்கடியும் மலிந்த தெருக்களில் வாழ்ந்தனர். பிச்சை பசியை ஒருநாள் ஆற்றும். தொழிலே அதனை என்றும் ஆற்றும் என்பதை அவர் கண்டார். முதலில் 1839இல் அங்குள்ள யூத குடும்பங்களின் கணக்கை எடுப்பித்தார். குடும்பத் தலைவர் பெயர், வயது, தொழில், விதவைகள், அநாதைகள் எல்லாம் அதிற் பதியப்பட்டன. பின்னரும் பலமுறை இக்கணக்கு எடுக்கப்பட்டது. இன்றும் வரலாற்றாசிரியர் அவ்வேடுகளை நாடுகின்றனர். யாருக்கு என்ன தேவை என்று அறியாமற் கொடுத்தலாகாது என்பது அவர் கொள்கை.

கமத்தொழிலுக்கு நிலங்களைக் குத்தகையாகப் பெற முகம்மது அலியிடம் அவர் விடுத்த வேண்டுகோள், சிரியா அவர் கையினின்று நழுவியதால் வீணாயிற்று. ஆயினும் அவர் சோர்ந்தாரில்லை. அச்சுத் தொழிலாளர் ஒருவருக்கு அச்சியந்திரம் அனுப்பினார். 1855இல் சுல்தானின் அனுமதியுடன் எருசலேம் மதிலுக்கு வெளியே நிலம் வாங்கினார். யாப்பா பட்டினத்துக்கு அருகில் தோடந்தோட்டம் ஒன்றும் வாங்கப்பட்டது. அமெரிக்க தேசத்து நியூ ஓர்லியன்சில் வாழ்ந்த ஜூடா தூரோ என்னும் யூத வணிகர் 1854இல் இறந்தபோது, எருசலேம் ஏழைகளின் நன்மைக்கென்று பெருந்தொகை ஒன்றைத் தம் மரணசாதனத்தில் விட்டுச் சென்றார். அதனைச் செலவிடும் பொறுப்பு மொண்டிபியோரியிடம் வந்தது. அப்பணத்தைக் கொண்டு, மதிலுக்கு வெளியே மிஷ்கனோத் சஆனனிம் என்ற வீட்டு வரிசை 1860இல் கட்டி முடிந்தது. கள்வருக்கு அஞ்சி முதலில் அங்கு இராத்தங்கவே மக்கள் தயங்கினர். காலப்போக்கில் மதிலுக்கு வெளியே எழுந்த புதிய எருசலேமுக்கு அதுவே தொடக்கமாயிற்று.

அவ்வீடுகளுக்கு அயலில் 1857இல் காற்றாலை ஒன்றை நிறுவினார். ஏழைகள் மலிவாக மா அரைக்கட்டும் என்பது அவர் எண்ணம். அதன் உறுப்புகள் இங்கிலாந்தின் கன்ரபெரி நகரிற் செய்யப்பட்டுக் கப்பலில் யாப்பாவுக்கு வந்து, அங்கிருந்து ஒட்டகங்களின் முதுகில் மலையேறின. ஆனால் அவ்விடத்தில் வீசும் காற்று ஆலைக்குப் போதவில்லை. பழுதுபார்ப்பதும் எளிதாயிருக்கவில்லை. நீராவி ஆலைகள் வந்ததும் இருபது ஆண்டளவில் அது நின்று போயிற்று. நல்லெண்ணம் மாத்திரம் போதாது, இடத்தின் இயல்பும் அறிய வேண்டும் என்பதற்கு அக்காற்றாலை சாட்சியாகும். 2012இல் அது புதுக்கப்பட்டு மீண்டும் சுழன்றது.

கைகூடாத கருமங்கள்

மொண்டிபியோரி சென்ற இடமெல்லாம் வெற்றி பெற்றார் என்று எழுதுவது எளிது. அது உண்மையன்று. 1846ஆம் ஆண்டில், எல்லைப்புற ஊர்களிலிருந்து யூதரை அகற்றும் உருசியச் சக்கரவர்த்தி முதலாம் நிக்கலஸ் அவர்களின் ஆணையைத் தடுக்கப் பனி உறையும் பாதையிற் சென்று அவரைக் கண்டார். மரியாதை கிடைத்தது, மாற்றம் மிகக் குறைவாகவே கிடைத்தது.

1858இல் இத்தாலியின் பொலொஞா நகரில் எட்கார்டோ மோர்த்தாரா என்ற ஆறு வயது யூத சிறுவனைப் பாப்பரசரின் காவலர் பெற்றோரிடமிருந்து பிரித்துச் சென்றனர். குழந்தைப் பருவத்தில் நோயுற்றிருந்தபோது வேலைக்காரப் பெண் ஒருத்தி இரகசியமாக ஞானஸ்நானம் கொடுத்தாள் என்பதே காரணம். அப்பிள்ளையை மீட்க 1859இல், எழுபத்து நான்கு வயதில், மொண்டிபியோரி உரோமாபுரி சென்றார். ஒன்பதாம் பத்திநாதர் என்ற பாப்பரசர் அவருக்குப் பேட்டி கொடுக்க மறுத்தார். கர்தினால் அந்தொனெல்லியை மாத்திரம் காண முடிந்தது. பிள்ளை திரும்பவில்லை. அவர் வெறுங்கையோடு ஊர் வந்தார்.

இதனை அடுத்து நிகழ்ந்ததை வாசகர்கள் உற்று நோக்குதல் வேண்டும். 1860ஆம் ஆண்டில் லெபனோன், சிரியா நாடுகளிற் கலகம் மூண்டு, ஆயிரக்கணக்கான கிறீஸ்தவர்கள் கொலையுண்டும் வீடிழந்தும் தவித்தனர். செய்தி இலண்டனை எட்டியதும் மொண்டிபியோரி டைம்ஸ் பத்திரிகைக்கு விண்ணப்பக் கடிதம் எழுதி, தாமே 200 பவுண் கொடுத்து உதவி நிதியைத் தொடக்கி வைத்தார். உரோமாபுரியின் கதவு அடைக்கப்பட்டு ஓராண்டு சென்றிருந்தது. அந்தக் கணக்கை அவர் கிறீஸ்தவ அகதிகள் மீது பார்க்கவில்லை. அவர் வாழ்க்கையில் நாம் மிக உயர்ந்ததாக மதிக்கும் செயல் இதுவேயாகும்.

அவருக்கும் குறைகள் இருந்தன. யூத வழிபாட்டிற் சீர்திருத்தம் வேண்டி இலண்டனில் ஒரு கூட்டத்தார் 1840ஆம் ஆண்டளவில் தனி ஜெபாலயம் அமைத்தபோது, தம் சொந்தச் சகோதரர் ஹொரேஷியோ அதிற் சேர்ந்திருந்தும், சபைத் தலைவராகிய அவர் அதனை அங்கீகரிக்க உறுதியாக மறுத்தார். பிறமதத்தார் மாட்டுக் காட்டிய விரிந்த உள்ளம் தம் மதத்துட் பிரிந்தார் மாட்டுச் சுருங்கிற்று. முதியோர் இளையோர் பிணக்கு எச்சமூகத்துக்கும் பொதுவன்றோ?

துணைவியாரும் இறுதிக் காலமும்

இவ்வரலாற்றில் ஜூடித் அம்மையாருக்குப் பாதி உரியது. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கொள்ளைநோய் பரவிய ஊர்களுக்கும் அம்மையார் கணவருடன் சென்றார். பல மொழிகள் கற்றவர். யாத்திரைக் குறிப்புகள் எழுதியவர். 1862இல் அவர் காலமானபோது, பெத்லகேமுக்கு அருகிலுள்ள இராகேலின் கல்லறையைப் போன்ற சமாதியை றாம்ஸ்கேட்டில் மொண்டிபியோரி கட்டினார். அம்மையார் பெயரால் வேதக் கல்லூரி ஒன்றையும் நிறுவினார்.

துணையை இழந்த பின்னும் அவர் ஓயவில்லை. மொறொக்கோ தேசத்து யூதர் பொய்க்குற்றத்துக்கு ஆளானபோது, எழுபத்தொன்பதாம் வயதில் மராக்கேஷ் நகரம் வரை சென்றார். அங்குள்ள சுல்தான் 1864 பெப்ரவரியில் யூதருக்கு நீதி வழங்குமாறு கட்டளை பிறப்பித்தார். 1867இல் உருமேனியாவின் புக்காரெஸ்ட் நகரில் அவர் தங்கிய விடுதியின் முன் பகைக்கூட்டம் திரண்டது. எண்பத்திரண்டு வயதுக் கிழவர் அஞ்சவில்லை. 1872இல் மீண்டும் உருசியா சென்று இரண்டாம் அலெக்சாந்தர் சக்கரவர்த்தியைக் கண்டார். 1875இல், தொண்ணூறு வயதில், கடைசி முறையாக எருசலேமைத் தரிசித்தார்.

அரசர்களிடம் முறையிட்டு நீதி பெறுவதே அவர் கையாண்ட வழி. அவ்வழிக்கு எல்லை உண்டு. அரசனுடைய மனம் மாறினால் வாக்கும் மாறும். ஊர் அதிகாரிகள் ஏட்டிலுள்ள கட்டளையை மதியாதிருக்கலாம். மொறொக்கோவில் அவ்வாறே நிகழ்ந்தது. 1881இல் அலெக்சாந்தர் சக்கரவர்த்தி கொலையுண்ட பின் உருசியாவில் யூதருக்கு எதிரான கலகங்கள் வெடித்தன. அதையும் அம்முதியவர் உயிரோடிருந்து கேட்க நேர்ந்தது. உரிமை என்பது சட்டத்திலும் மக்கள் உள்ளத்திலும் வேரூன்றினாலன்றி நிலையாது.

1884ஆம் ஆண்டில் அவர் நூறு வயதை அடைந்தபோது பல நாட்டு மக்கள் கொண்டாடினர். 1885 ஜூலை மாதம் 28ஆந் திகதி றாம்ஸ்கேட்டில் உயிர் நீத்து, துணைவியார் பக்கத்தில் அடக்கம் பெற்றார். அவருடைய நாட்குறிப்புகளிலும் கடிதங்களிலும் பெரும்பாலானவை அவர் இறந்த பின் எரிக்கப்பட்டன. யாத்திரைகளில் உடன் சென்ற செயலாளர் லூயி லோவே தொகுத்த பகுதிகளே 1890இல் நூலாயின.

வாலிப நண்பர்களே! நம்மிற் பலருக்கு ரொத்சைல்டின் உறவும் இல்லை, இலண்டன் பணச் சந்தையும் இல்லை. ஆனால் மொண்டிபியோரி செய்தவற்றுட் பணம் வேண்டாத பகுதியே பெரிது. கொடுக்குமுன் கணக்கெடுத்தார். செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பு வேண்டாம் என்று நின்றார். தோற்றுத் திரும்பிய மறு ஆண்டே பிறமதத்து அகதிக்குக் கைகொடுத்தார். அவருடைய ஆலை நின்றது. அரச கட்டளைகள் பல ஏட்டோடு போயின. தமஸ்கு நகரத்தில் ஒன்பது பேர் சிறையினின்று தலைநிமிர்ந்து நடந்து வெளிவந்தது மாத்திரம் எவராலும் மாற்ற முடியாதது. அத்தகைய ஒரு செயலேனும் நம் ஒவ்வொருவர் வாழ்நாளிலும் அமைவதாக!